ராணுவ மடிப்பு

"மாப்பிள்ளை, நீங்க ராணுவத்துல இருந்தீங்களா?"

மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டார். ஒரு கையில் டீ. இன்னொரு கை, மடித்து வைத்திருந்த போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

போர்வை செங்கல் மாதிரி இருந்தது. நாலு பக்கமும் சதுரம், ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது. தட்டுக்கு மேல் ஒரு டம்ளர், அதுவும் கவிழ்ந்து. பக்கத்தில் மாப்பிள்ளை, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கு விடிந்த முதல் காலை அது.

அவன் அந்த மடிப்பைக் கற்றுக்கொண்டது ராணுவத்தில் இல்லை, ஜெயிலில். பழைய தொழிலில் 'பல்லி' என்றால் அவனைத் தெரியாதவர் கிடையாது. சுவர் ஏறுவதில் அவ்வளவு சுத்தம். இறங்குவதில்தான் கோளாறு. இறங்கும் இடத்தில் எப்போதும் போலீஸ் நின்றது.

மாமியார் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் இடுப்பில் சாவிக்கொத்து லேசாகக் கிணுகிணுத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளையின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. தலை தானாக மேலும் கீழும் ஆடியது.

"அதானே பார்த்தேன்! உங்க மாமாவும் ராணுவம்தான். கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவார்!" என்று டீயை வைத்துவிட்டுப் போனார் மாமியார்.

குளித்துவிட்டு வந்த மனைவி விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க ஆமான்னு சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? தலைதான் ஆடிச்சு."

"எங்கப்பா ராணுவத்துல இருந்தவர்னு நான்தான் உங்ககிட்ட சொல்லியிருக்கேனே!"

"உங்கம்மா அந்தச் சாவியை ஆட்டுனப்ப எனக்கு என் பேரே மறந்துபோச்சு."

அவளுக்கு அவனைப் பற்றி எல்லாம் தெரியும். உள்ளே இருந்தபோது ரொட்டி சுடக் கற்றுக்கொண்டவன், வெளியே வந்து ஒரு பேக்கரியின் அடுப்படியில் சேர்ந்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அவள். பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே தன் கதை முழுவதையும் சொன்னான். அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "சரி, எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. திருட்டுன்னு பேச்சு வந்தாலே எழுந்து போயிடுவார். டிவியில திருடன் வந்தாக்கூட சேனலை மாத்திடுவார்" என்றாள்.

அப்பா காதில் விழுந்தால் இருவரையும் படியிறக்கிவிடுவார் என்பது அவள் பயம். அவன் பயம் வேறு. வாடகைக்கு அறை கேட்ட இடத்திலெல்லாம் "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டு, அவன் விழித்த விழியைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. நேற்று மாலை, படியேறி வந்ததுமே மாமியார் தன் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, "வாசக்கதவு சாவி, வெச்சுக்கங்க" என்று அவன் கையில் வைத்தார். எத்தனையோ கதவுகளை அவன் திறந்திருக்கிறான். சாவி போட்டுத் திறந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சாவி இப்போது அவன் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி இருந்தது.

"சாப்பிட வாங்க, அப்பா காத்திட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போன மனைவி, ஆளைக் காணோமே என்று திரும்பி வந்தாள். அவன் சாத்திய கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"என்ன நிக்கிறீங்க?"

"கதவு சாத்தியிருக்கு."

"பூட்டலைங்க. தள்ளினா திறக்கும்."

சாப்பாட்டு மேஜையில் மாமனார் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மாமியார், உட்கார்ந்திருந்தவர்களைக் கண்ணாலேயே ஒரு தடவை எண்ணிக்கொண்டு பரிமாறினார். வீட்டில் இருப்பதே நாலு பேர்தான். ஆனாலும் எண்ணாமல் கரண்டியை எடுக்க மாட்டார். எல்லாத் தட்டிலும் ஒரே அளவு விழும். கல்யாணத்துக்கு முன் ஏதோ அரசாங்க விடுதியில் ஆட்களை மேய்க்கிற வேலை பார்த்தாராம், பழக்கம் போகவில்லை என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"என்னங்க, நம்ம மாப்பிள்ளையும் ராணுவமாம்!" என்றார் மாமியார்.

பேப்பர் ஆடியது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. மாமனார் அவனைப் பார்த்தார். அவன் தட்டைப் பார்த்தான். யாரும் பிடுங்கிக்கொள்ளாதபடி இடது கையால் தட்டை வளைத்துக்கொண்டு அவன் தின்கிற அழகை அவர் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"நல்லது" என்றார் மாமனார். பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

"கண்டுபிடிச்சிட்டார்" என்றான் அவன், அறைக்குள் வந்ததும்.

"ஒண்ணுமே கேட்கலையே?"

"அதான் சொல்றேன். என்னைப் பிடிச்ச இன்ஸ்பெக்டரும் முதல் நாள் இப்படித்தான் ஒண்ணுமே கேட்கலை."

கேள்வி வருவதற்கு முன்பே அதற்குத் தடுப்பு கட்டிவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். மறுநாள் மேஜையில் உட்கார்ந்ததும் அவன் தொண்டையைச் செருமினான்.

"மாமா, நான் இருந்த இடத்தைப் பத்தி வெளியில பேசக் கூடாது. மேலிடத்து உத்தரவு. தப்பா எடுத்துக்காதீங்க."

"பேசவே வேண்டாம் மாப்ளே!" மாமனார் குரலில் இருந்த வேகத்தில் உப்பு டப்பா உருண்டது. "ஒரு வார்த்தை பேசக் கூடாது. நானும் பேச மாட்டேன். இந்த வீட்டுல ராணுவத்தைப் பத்திப் பேச்சே கிடையாது. சரியா?"

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. ஆனால் மாமியார் கரண்டியோடு அசையாமல் நின்றார்.

"ரகசியப் படையா?" என்றார் மெல்ல.

அன்று மாலைக்குள் அந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுக்க விஷயம் பரவியது. லிஃப்டில் ஏறினால் ஆட்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். இரண்டாம் மாடிப் பையன்கள் அவனைக் கண்டால் சல்யூட் அடித்தார்கள். அவனும் பதிலுக்குக் கையை எப்படியோ நெற்றியில் வைத்தான். கொசு அடிப்பதுபோல் இருந்தது. "ரகசியப் படையில இப்படித்தான் அடிப்பாங்க போல" என்று அதையே அவர்களும் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வார இறுதியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அதை எதற்காவது ஊதக் காரணம் கிடைக்காதா என்று வருஷக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தவர்.

"தீ விபத்து ஒத்திகை வெக்கப் போறோம். கட்டடமே கீழ இறங்கி மைதானத்துல நிக்கும். நீங்கதான் முன்னால நின்னு நடத்தித் தரணும் சார்."

"ஐயையோ!" என்று கத்திவிட்டு, சமாளித்துக்கொண்டான் மாப்பிள்ளை. "வந்து… வீட்டுல பெரியவர் இருக்கிறப்ப நான் முன்னால நிக்கிறது முறை இல்லை. ராணுவத்துல மூத்தவங்களைத் தாண்டக் கூடாது. மாமாவைக் கேளுங்க."

தப்பித்தோம் என்று அவன் மூச்சு விடுவதற்குள் செயலாளர் குதித்தார். "ரெண்டு பேரும் நில்லுங்க! பிரமாதம்! எனக்கு இது தோணவே இல்லை பாருங்க!"

உள்ளறையில் ஏதோ விழுந்து உடைந்தது. மாமனார் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றே மாமனாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை, குனிய முடியவில்லை, மைதானத்துக்கு மட்டும் நிச்சயமாக வர முடியாது என்றார். மாமியார் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து, அவரைக் குப்புறத் தள்ளி, ஒரு தேய் தேய்த்தார். அந்த அலறலுக்குப் பிறகு மாமனார் எந்த வலியையும் பற்றிப் பேசவில்லை.

மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. பேக்கரி அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லி, மனைவியிடம் முழங்கை வரை கட்டுப் போடச் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே கட்டியதில் கட்டு தலையணை அளவுக்கு வந்துவிட்டது. படியில் எதிரே வந்த செயலாளர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"காயத்தோட வர்றேன்னு சொல்றீங்களே சார்!"

"நான் எங்க சார் வர்றேன்னு சொன்னேன்?"

"சொல்ல மாட்டீங்க. உங்களை மாதிரி ஆட்கள் சொல்லவே மாட்டீங்க."

இனி ஒரே வழிதான் இருந்தது. மாமனார் நடப்பதைப் பார்த்து, ராணுவ நடையையாவது கற்றுக்கொள்ள வேண்டும். மாமனார் தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடப்பார். மாப்பிள்ளை பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டான்.

இதென்ன, ராணுவ நடை இவ்வளவு சுலபமா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தலை குனிந்து, கைகளைப் பின்னால் கட்டி, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி. இது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த நடை. மாமனார் நின்றால் நிற்கலாம் என்று அவன் நடந்தான். பின்னால் வருகிறவன் நின்றால் நிற்கலாம் என்று அவர் நடந்தார். கீழே விளக்குப் போடும் நேரமாகியும் இருவரும் நிற்கவில்லை. கால் பின்னிக்கொண்டு வந்தது. கொடிக்கயிற்றில் துணி எடுக்க வந்த செயலாளர், பயிற்சி நடக்கிறது என்று சத்தமில்லாமல் விரலை உதட்டில் வைத்தபடி துணியை விட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் மாமியார்தான் வந்தார். சாவிக்கொத்தை ஒரு தட்டுத் தட்டி, "போதும், உள்ள வாங்க" என்றார். இருவரும் வரிசையாக உள்ளே போனார்கள்.

அதன் பிறகு மாமியார் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஜன்னல் கம்பியையும் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார். துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். டங், டங் என்ற அந்தச் சத்தம் ஒவ்வொரு ஜன்னலாக நெருங்கி வர, மாப்பிள்ளை கட்டிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். ஜெயிலுக்கு மாமியார் வீடு என்று பேர் வைத்தவன் இரண்டிலும் இருந்து பார்த்தவனாகத்தான் இருப்பான் என்று தோன்றியது.

"நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்" என்றான் மனைவியிடம். "உங்கப்பா நிஜ ராணுவம். பக்கத்துல நின்னா நான் போலின்னு குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சிடும். சாவியைத் திருப்பிக் குடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அப்பா என்ன செய்றாரோ அதையே செய்யுங்க. அரை நொடி தள்ளிச் செய்யுங்க. யாருக்கும் தெரியாது" என்றாள்.

நல்ல யோசனை. அதே யோசனை அடுத்த அறையில் மாமனாருக்கும் வந்திருந்தது என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடமே மைதானத்தில் கூடியது. முன்வரிசையில் மாமனாரும் மாப்பிள்ளையும். மாமனார் ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தான். செயலாளர் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கவனிங்க! நான் விசில் அடிச்சதும் இவங்க ரெண்டு பேரும் என்ன செய்றாங்களோ, அதை அப்படியே செய்யணும். யாரும் சொந்தமா எதுவும் யோசிக்கக் கூடாது!"

கன்னத்தை உப்பி, வருஷக்கணக்கான ஆசையையும் சேர்த்து, மூன்று நீள விசில் அடித்தார்.

மாப்பிள்ளை அரை நொடி காத்திருக்கத்தான் நினைத்தான். மாமனாரும் அப்படித்தான். ஆனால் மூன்று நீள விசில் இருவர் காதிலும் விழுந்தபோது, நினைப்பதற்கு அங்கே யாரும் இல்லை. இருவரும் ஒரே சமயத்தில், ஒரே வெட்டில், ஜோடியாகக் குந்தினார்கள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்தார்கள். இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தார்கள். தலையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்தார்கள். மாப்பிள்ளையின் தலையணைக் கட்டு கிரீடம் மாதிரி உச்சியில் உட்கார்ந்தது. குந்திய வேகத்தில் பையிலிருந்த சாவி துள்ளி மண்ணில் விழுந்தது.

மைதானம் ஒரு கணம் திகைத்தது. பிறகு பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு ஜோடியாகக் குந்தினார்கள். "எனக்கு முட்டி மடங்காதே!" என்று மூன்றாம் மாடி டாக்டரம்மா முனகிக்கொண்டே உட்கார்ந்தார். செயலாளர் நாற்காலி மேலிருந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. திடீரென்று முகம் மலர்ந்தது.

"அடடா! புகை மேல போகும், நல்ல காத்து கீழ இருக்கும்! அதான் குந்தறாங்க! என்ன மூளை, என்ன மூளை!" என்று கத்திவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கி அவரும் குந்தினார்.

"மாமா" என்றான் மாப்பிள்ளை, உதடு அசையாமல்.

"பேசாதீங்க. எண்ணிக்கை நடக்கும்போது பேசினா…" மாமனார் சட்டென்று நிறுத்தினார்.

"பேசினா?"

"…சாயங்கால டீ கிடையாது."

ராணுவத்தில் டீயை நிறுத்துவார்களா என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. வேறு ஓர் இடத்தில் நிறுத்துவார்கள் என்பது நன்றாகத் தெரியும். மெதுவாக ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பினான். மாமனாரின் கண் ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க எந்தப் படை மாமா?"

"நீங்க எந்தப் படை?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

"நான்தான் வயசுல மூத்தவன்."

மாப்பிள்ளை மண்ணில் கிடந்த சாவியைப் பார்த்தான். "கிழக்குக் கட்டடம். ரொட்டி அடுப்புக்குப் பின்பக்க அறை."

மாமனார் நீளமாக மூச்சு விட்டார். எத்தனையோ வருஷமாக உள்ளேயே வைத்திருந்த மூச்சு. "நான் இருந்தது பழைய கட்டடம். அடுப்பெல்லாம் அப்ப கிடையாது."

"எதுக்கு மாமா?"

"சைக்கிள்."

"சைக்கிளுக்கா ஜெயில்ல போட்டாங்க?"

"ஒண்ணுன்னா விட்டிருப்பாங்க மாப்ளே. கடையையே காலி பண்ணிட்டோம். நீங்க?"

"ஜன்னல் வழியா."

"அதானே! உங்க அத்தை கம்பியைத் தட்டுறப்ப உங்க முகம் போன போக்கைப் பார்த்தேன். என்னைத் துரத்தத்தான் நிஜ ராணுவம் ஒண்ணு வீட்டுக்குள்ள வந்திருக்குன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை. என் பொண்ணுக்குத் தெரியுமா?"

"என்னைப் பத்தித் தெரியும். உங்களைப் பத்தித் தெரியாது."

"அப்படியே இருக்கட்டும்."

"அத்தைக்கு?"

"ஐயோ, அவ வெகுளி!" என்றார் மாமனார். "கல்யாணத்துக்கு மறுநாள் காலையில நான் போர்வை மடிச்சதைப் பார்த்துட்டு, 'நீங்க ராணுவமா?'ன்னு அவளேதான் கேட்டா. நானும் தலையை ஆட்டிட்டேன். அன்னையிலிருந்து ஊரெல்லாம் அவதான் சொல்லிட்டு வர்றா. பாவம்."

"என்கிட்டயும் அப்படியேதான் கேட்டாங்க மாமா. அதே வார்த்தை."

"தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிடும் அவளுக்கு. சாகிற வரைக்கும் நாம ராணுவம்தான். சத்தியம்?"

"சத்தியம்."

கிணுங், கிணுங் என்று சத்தம் வந்தது. இரண்டு தலைகளும் சடக்கென்று கவிழ்ந்தன.

கட்டடம் முழுவதும் குந்தியிருந்த அந்த மைதானத்தில் ஒருவர் மட்டும் நின்றிருந்தார். மாமியார். அவர் கடைசி வரிசையிலிருந்து, அவசரமே இல்லாமல், ஜோடிகளுக்கு நடுவே நடந்து வந்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விரலை நீட்டினார். உதடு அசைந்துகொண்டே வந்தது. டாக்டரம்மாவின் தோளைத் தொட்டு வரிசைக்குள் தள்ளினார். செயலாளரைத் தனியாகக் குந்தவிடாமல் எழுப்பி, இரண்டாம் மாடிப் பையன் ஒருவனோடு ஜோடி சேர்த்தார். செயலாளர் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தார். மாமியாரின் மகள் தலையைத் தூக்கி, தன் அம்மாவை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கடைசியில் அந்தச் செருப்புகள் முன்வரிசையில் வந்து நின்றன. மாமியார் குனிந்தார். மண்ணில் கிடந்த வாசக்கதவு சாவியை எடுத்து, முந்தானையில் துடைத்து, மாப்பிள்ளையின் கட்டுப் போடாத கையில் வைத்து மூடினார்.

"கணக்கு சரியா இருக்கு, ரெண்டு பேரும் எந்திரிங்க," என்றார், அவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில். "வேலையை விட்டு இத்தனை வருஷமாச்சு, இன்னும் மூணு விசில் கேட்டா எண்ணாம இருக்க முடியலை எனக்கு."